தாழ்ந்த காரை உயர்த்துதல்

நீளமான சொற்களைக் கத்தரித்துக்கொள்வதில் ஜப்பானியர்களுக்குத் தனி விருப்பம் உண்டு. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற சஸ்பென்ஷனை அவர்கள் 'ஷகோச்சோ' என்பார்கள். வண்டியின் உயரத்தைச் சரிசெய்வது என்பது பொருள். ஆனால் நான் வசிக்கும் நகோயா பக்கத்து இளைஞர்களிடம் அச்சொல்லைச் சொன்னால் தாழ்த்துவது ஒன்றே நினைவுக்கு வரும். அதே திருகு மேல்நோக்கியும் சுழலும் என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

நான் வாங்கியது 2012இல் வெளிவந்த முதல் தலைமுறை டொயோட்டா 86. விற்றவர் என் அலுவலகத்து இளைஞர். வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு கதவுக் கார் இனி உதவாது. மட்கார்டின் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. பார்க்க அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் கடை வாசல்களில் சக்கரத்தைத் தடுக்கப் போட்டிருக்கும் சிமெண்டுக் கட்டைகளை நெருங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அரசுப் பரிசோதனையில் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டியே அவர் நிறுத்தியிருந்தார். உயர்த்தப் போவதாகச் சொன்னதும் அவர் முகம் சற்று மாறியது. பிறகு, "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றார்.

தாழ்வாக இருந்தால் வளைவில் சாயாது என்பது அவருடைய நம்பிக்கை. பலருடையதும்கூட. பாதிதான் உண்மை. இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை, உள்ளிருந்து வெளிப்புறமாகச் சற்றே கீழிறங்கிச் செல்ல வேண்டும். உடலைத் தாழ்த்தத் தாழ்த்த அது மட்டமாகி, பிறகு மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது உடல் எந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி நீள்கிறது. நெம்புகோல் நீண்டதுபோல, அதே வளைவில் அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு கார் கூடுதலாகவே சாயும். அதை மறைக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குகிறார்கள். ஸ்பிரிங் கெட்டி, அமுங்க இடமும் இல்லை. பாலத்து இணைப்புகளில் 'டம்' என்று முதுகெலும்பில் விழுகிற அடிக்குக் காரணம் இதுதான்.

வாடகைப் பட்டறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காரை ஏற்றினோம். அவர் அடையாளத்துக்காக ஒவ்வொரு திருகுமரையிலும் வெள்ளைக் கோடு இட்டிருந்தார். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொடாமல், கீழ்த்தாங்கியைச் சுழற்றி நீளத்தை மட்டும் கூட்டுகிற வகை அது. முன்பக்கம் கூட்டிய அளவே ஏறத்தாழ உடலும் எழும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி அமர்ந்திருப்பதால் 10 மி.மீ. நீட்டினால் உடல் அதற்கும் மேலே எழுந்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

முன் இடமும் முன் வலமும் 3 மி.மீ. வேறுபட்டிருந்ததைக் கண்டு சமப்படுத்தப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அது வேண்டுமென்றே வைத்தது. கால் ஒன்று குட்டையான கட்டிலைப் போலத்தான் காரும்: ஒரு மூலையை உயர்த்தினால் அதுவும் அதன் எதிர்மூலையும் கூடுதல் பாரத்தை ஏற்கும், மற்ற இரண்டும் இளைப்பாறும், மொத்த எடை மாறாது. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்து, தாம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, குறுக்கு மூலைகளின் பாரம் ஒத்துவரும்வரை அவர் திருகியிருக்கிறார். அந்த 3 மி.மீ. அவருடைய உடம்பின் எடை. நானோ அவரைவிட நன்றாகவே கனமானவன்.

தராசுகளைக் கொண்டுவந்தார். இப்போது நான் உட்கார, அவர் குனிந்து திருகினார். ஒவ்வொரு முறையும் காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இடத்தில் அமர்ந்த பிறகே அளவெடுத்தோம். அதுவும் தரையிலிருந்து அல்ல, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் கால்களில் நிற்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும் என்பதில் அவர் என்னைவிடக் கண்டிப்பு. தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். மாலையில் சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரிபார்த்தோம். மூக்கு உயர்ந்ததால் மேலேறிவிட்ட விளக்கொளியையும் இறக்கினோம். எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாதல்லவா?

முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 18. இப்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல்கள் போயின. அவரே விரலை வைத்துப் பார்த்தார். அழகு போயிற்று என்றோ நன்றாயிருக்கிறது என்றோ சொல்லவில்லை.

கிளம்பும் முன் தம் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கார் அவரிடம் வந்த நாளிலிருந்து செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு அதில் இருந்தது. நான்கு மூலை உயரங்கள், நான்கு எடைகள். காரை விற்றபோது சாவியும் பதிவுத்தாள்களும் கொடுத்தவர், இதைக் கொடுத்திருக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே அன்றைய எண்களை நிதானமாக எழுதினார். ஓட்டுநர் எடை என்ற இடத்தில் தம் எண்ணை அடித்துவிட்டு என்னுடையதைக் கேட்டு எழுதி, புத்தகத்தைக் காரின் கையறைப் பெட்டியில் வைத்து மூடினார்.