‘போட்டிடாதேங்கோ அண்ணை!’

ஒரு முழுப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் எழுத முடியுமா? நமக்கு ‘குட்மார்னிங்’ ரோஜாப்பூ அனுப்பவே கை வலிக்கிறது. பெஹ்ரூஸ் பூச்சானி எழுதினார்.

ஈரானைச் சேர்ந்த குர்து இனப் பத்திரிகையாளர். உயிருக்குப் பயந்து 2013-ல் படகேறி ஆஸ்திரேலியா நோக்கி வந்தவரை, பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவு முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். காகிதத்தில் எழுதினால் பறிபோய்விடும் என்ற பயம். ஒளித்து வைத்திருந்த செல்போனில், பாரசீக மொழியில் துண்டு துண்டாகத் தட்டி வெளியே அனுப்பினார். ஒமித் தொஃபீகியான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2018-ல் புத்தகம் வந்தது. செல்போனிலேயே எடுத்த ஆவணப்படம் ஒன்றும் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது.

2019 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் இலக்கியப் பரிசுகள், மொத்தம் 1,25,000 ஆஸ்திரேலிய டாலர். பரிசு உண்டு, உள்ளே வர அனுமதி இல்லை. பி.காம். படித்த என் புத்திக்கு இந்தக் கணக்கு மட்டும் டேலி ஆகவே மாட்டேன் என்கிறது.

நம் ஆட்களின் கதையும் இருக்கிறது. பிரியா, நடேசலிங்கம் இருவரும் தனித்தனிப் படகில் ஆஸ்திரேலியா போன ஈழத்தமிழர்கள். அங்கேயே கல்யாணம், பிலோயிலா என்ற சின்ன ஊரில் குடித்தனம், இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் வந்து மொத்தக் குடும்பத்தையும் அள்ளிப் போனார்கள். 2019 ஆகஸ்டில் விமானத்தில் ஏற்றியே விட்டார்கள். நீதிபதி தடை போட, பறந்துகொண்டிருந்த விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் காவல்.

பிலோயிலாக்காரர்கள் விடவில்லை. அந்தக் குடும்பத்தின் படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். லட்சக்கணக்கில் கையெழுத்து சேர்ந்தது. 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா. கையெழுத்துப் போட்டவர்களிடம் ஓட்டு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்மூரில்?

மாத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், பக்கத்தில் புழல் முகாமில் இருப்பவர். முகாம் ஆண்கள் பலருக்கும் இதுதான் பிழைப்பு. மன்னார்ப் பக்கம். 1990-ல் படகில் வந்தபோது பத்து வயதாம். வந்த பிறகு பார்த்த மாற்றம், 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஓர் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் மிச்சக் கறுப்புப் பெயின்ட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். படகு. அதில் நெருக்கியடித்து முப்பது பேராவது இருப்பார்கள். எல்லோரும் முதுகு காட்டி, விட்டு வந்த கரையைப் பார்க்கிறார்கள். நான் எத்தனையோ கண்காட்சிகளுக்குச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். இப்படி ஒன்று பார்த்ததில்லை.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, “ஃபேஸ்புக்ல போடவா? நாலு பேர் பார்ப்பாங்க” என்றேன்.

“ஐயோ, போட்டிடாதேங்கோ அண்ணை! ஆர் கீறினது எண்டு கேட்டுக்கொண்டு முகாமுக்கு வந்திடுவாங்கள்.” கீறுவது என்றால் அவர்கள் பேச்சில் வரைவது.

“உங்க பேரைப் போடலையே?”

“மகள் காலேஜ் கடைசி வருசம். பிறகு அவளுக்கல்லோ பிரச்னை.”

அவர் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தேன். எட்டிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டவர், அட்டையைக் கவிழ்த்துத் தரையில் போட்டு, பெயின்ட் சிந்தாமலிருக்க டப்பாவை அதன்மேல் வைத்தார். இரண்டாவது கோட்டுக்கு ஏணியை நகர்த்த ஆரம்பித்தார்.