கருவியின் பட்டியலில் ஒரு வரி

கருவி எதுவாயினும், கையாள்வோனுக்குரிய வினாக்கள் சிலவற்றை முன்னரே வகுத்து வைத்திருக்கின்றது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்பவன் பயன் பெறுவான். தன் வினாவையும் அதன்கண் எழுதிச் சேர்ப்பவனோ பொறுப்பும் ஏற்பான். இதனை யாம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் உணர்ந்தவாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தார் 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய 'பீனிக்ஸ்' திட்டத்தின் வழி வந்தது, 'எக்ஸ்ப்ஐஸ்-17' என்னும் மின்னணுச் சோதனைக் கருவி. கையடக்கமான இது, கணினியோடு இணைக்கப்பெற்று மின்னழுத்தம் அளக்கும். அலையை வரைந்து காட்டும். 5 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை சைன் அலை தோற்றுவிக்கும். இதன் அமைப்பும் நிரலும் எவரும் கண்டு திருத்துமாறு வெளியிடப்பட்டுள்ளன. திரையில் தோன்றும் 'மெனு', பைதான் மொழியில் எழுதப்பட்டதொரு பட்டியலேயாம். அதன் ஒவ்வோர் உறுப்பிலும் கண்ணுக்குத் தோன்றும் பெயர் ஒன்றும், அதனை அழுத்தியவுடன் இயங்கவேண்டிய நிரலின் பெயர் ஒன்றும் உள. ஆகவே, சிறு நிரலொன்று எழுதிப் பட்டியலில் ஒரு வரி கூட்டின், புதிய சோதனை பழையவற்றோடு ஒருங்கு நிற்கும்.

மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் சிற்றூர் ஒன்றின் பள்ளிச் சிறார்க்கு இக்கருவியைக் காட்டச் சென்றோம். ஓம் விதியினும் அவர்கட்குத் தத்தம் கிணற்றின் உவர்ப்பே பெரிதாயிருந்தது. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்றலின், மிகுதியாக இறைக்குங்கால் உப்பு மேலேறும். அவர்கள் வினாவையே பட்டியலில் தமிழில் சேர்க்கத் துணிந்தோம்.

எமது நிரல், 1000 ஹெர்ட்ஸ் அலையை நீரினூடும் 1000 ஓம் தடையினூடும் தொடராகச் செலுத்தி, இரண்டிடத்து மின்னழுத்தங்களையும் அளந்து, நீரின் மின்தடையைக் கணக்கிடும். நேர்மின்னோட்டமாயின் கம்பிகளருகே அயனிகள் குவிந்து அளவு நிலையாது. மாறுமின்னோட்டத்தில் அக்குறை பெரிதும் நீங்கும். குவளையும், ஆழமும், கம்பிகளின் இடைவெளியும் மாறாதிருப்பின், உப்பு மிகுந்தோறும் தடை குறையக் காணலாம்.

நிரலினும் அரிதாயிற்று அவ்வரிக்குப் பெயரிடல். எம்முள் ஒருவர், 'நல்ல நீரா?' என்று பெயரிட்டு, விடையைப் பச்சை, சிவப்பு நிறங்களால் காட்டின் சிறார் மகிழ்வர் என்றார். மகிழ்வர் என்பது மெய்யே. ஆயினும் உப்பற்ற நீரிலும் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். பச்சை நிறம் கண்ட சிறுமி வீடு சென்று, "இந்நீர் நன்று, அம்மா" என்பாளாயின், அச்சொல்லை நம்பித் தாய் கைக்குழந்தைக்கும் அதனைக் காய்ச்சாது ஊட்டுவாள். கருவி கூறாத விடையைக் கருவியின் பெயரால் கூறுதல் அறமன்று எனத் தேர்ந்து, 'நீரின் மின்தடை: உப்பை ஒப்பிட' என்றே எழுதினோம்.

கடல்நீர், கிணற்று நீர்கள், மழைநீர் ஆகியவற்றைச் சிறார் தாமே அளந்து வரிசைப்படுத்தினர். அப்பொழுது ஒரு சிறுமி, "கிருமியைக் காட்டும் வரி எது, ஐயா?" என்று வினவினாள். "அது இக்கருவியில் இல்லை, அம்மா, அதற்கு வேறு சோதனை வேண்டும், அதுவரை காய்ச்சிக் குடித்தலே தக்கது" என்றோம். நிறம் காட்டியிருப்பின் அவ்வினா எழுந்திராது.

மாணவ நண்பர்காள்! ஆய்வுக்கூடத்துக் கருவிகளில் உங்கள் வரியையும் எழுதுங்கள். எழுதுங்கால், அது எதனை அளக்கின்றதோ அதனையே பெயராகச் சூட்டுங்கள். நம் பெயரை நம்பி நீர் அருந்துவோர் உளர்.