வினாக்கொத்தும் மலையக மாணவரும்

மாணவரின் போதைப்பொருட் பாவனை, உளநலம், ஆபத்தான நடத்தை ஆகியவற்றை அவர்தம் வாய்மொழியாலன்றி எழுத்தாலேயே அறிய முற்படுவது பாடசாலை மாணவர் சுகாதார மதிப்பாய்வு. உலக சுகாதார தாபனத்தின் துணையுடன் இம்மதிப்பாய்வு இலங்கையில் 2008இலும் 2016இலும் நடைபெற்றது. பின்னையதில் 8ஆம் தரம் முதல் 12ஆம் தரம் வரையுள்ள 3,000க்கு மேற்பட்ட மாணவர் விடையளித்தனர். நாடு முழுவதற்குமாக எடுக்கப்பட்ட மாதிரி அது. ஊவாவின் தோட்டப் பாடசாலைகளைத் தனித்து நோக்குவதற்கென அமைந்ததன்று.

பெயர் எழுத வேண்டியதில்லை என்பதே இம்முறையின் உயிர்நாடி. பசறை, லுணுகலை, தெமோதரைப் பகுதித் தோட்டப் பிள்ளைக்கு இதன் அருமை பெரிது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் ஒரு குடும்பமே வாழ்கிறது. அடுத்த காம்பராவில் இருமினாலும் கேட்கும். அங்கே தனித்து அழுவதற்கும் இடமில்லை. கவலையால் உறக்கம் இழந்ததுண்டா என்று எவரேனும் அப்பிள்ளையைக் கேட்பது, பெரும்பாலும், அந்தத் தாளில்தான்.

ஆயின் கேட்கும் மொழி எது? போதைப்பொருட் கட்டுப்பாட்டுக்கென 1984இல் நிறுவப்பட்ட சபையின் தமிழ்ப் பெயரில் இருப்பது ‘அபாயகர ஔடதங்கள்’ என்னும் தொடர். ஔடதமாவது மருந்து. தோட்டத்திலோ மருந்து என்பது ஆசுபத்திரியில் கொடுப்பதையும் குறிக்கும். மலையில் அடிக்கும் களைநாசினியையும் குறிக்கும். ‘மருந்து குடித்தாள்’ என்று தாழ்ந்த குரலிற் சொல்லப்பட்டால் அதன் பொருளை எல்லோரும் அறிவர். 1995 அளவில் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47ஐ எட்டியது. கொடிய பீடைநாசினிகள் 1995இலும் 1998இலும் தடுக்கப்பட்டபின் பத்தாண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கும் ஒரு சொல்லை விளக்கமின்றி வினாவில் இட்டால், மாணவி எதற்கு ‘ஆம்’ என்றாள் என்பதை எவர் அறிவார்?

புகையிலையும் இவ்வாறே. வெற்றிலையோடு அதனை மெல்லுதல் லயத்தில் உபசாரம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்த சிறுமி தன்னைப் புகையிலை பாவிப்பவள் என்று குறிப்பாளா? மதுவுக்கு உலகப் பொது வினாக்கொத்து கூறும் அளவுகளுள் ஒன்று ஒரு குவளை வைன். கசிப்புக்கு அத்தகைய அளவுக் குவளை ஏது!

எல்லாவற்றிலும் கடினமானது பெற்றோரைப் பற்றிய வினா. கடந்த 30 நாட்களில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் உமது கவலைகளை எத்தனை தடவை விளங்கிக்கொண்டனர் என்று அது வினவுகிறது. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண், தந்தை கொழும்பில், பிள்ளை அம்மாயியிடம். இப்பிள்ளை ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்தால், அது அன்பின் குறைவா, தூரத்தின் குறைவா? விடைத்தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டந்தான்.

இக்குறைகள் திருத்தக்கூடியன. வினாக்கொத்தை அச்சிடுமுன் தோட்ட மாணவர் பதின்மரிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் கொண்ட பொருளைக் கேட்டறிதல் போதும். திருத்த அரிதானது வேறொன்று. மதிப்பாய்வு வகுப்பறையில் அன்று அமர்ந்திருப்போரையே எண்ணும். படிப்பை இடைநிறுத்திக் கொழும்புக் கடையொன்றில் சாமான் கட்டும் பதினைந்து வயதுப் பையன், இத்தாள் எந்த ஆபத்துக்களைப் பற்றி வினவுகிறதோ அவற்றின் நடுவிலேயே நிற்கிறான். அவனிடம் தாளைக் கொண்டு செல்வார் இன்னும் இல்லை.