முப்பது சென்டிமீட்டர் கணக்கு

பள்ளியில் குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள் என் மகள். பத்தாம் வகுப்பு, எடை 41 கிலோ.

"செஸ், கேரம்னு ஏதாவது சேரேன்டி. உனக்கெதுக்கு இரும்புக் குண்டு?" என்றேன். விளையாட்டு ஆசிரியரும் அதையேதான் சொல்லியிருக்கிறார் போல. முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் நோட்டோடு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, குண்டு 3 கிலோ. நான் 150 நியூட்டன் விசையோட தள்ளுறேன்னு வை. முடுக்கம் எவ்வளவு?"

வெங்காயம் நறுக்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா? அவளே சொன்னாள். விசையை நிறையால் வகுத்தால் 50. மேலிருந்து விழும் பொருளின் முடுக்கத்தைப்போல ஐந்து மடங்கு! அந்த முடுக்கம் 60 சென்டிமீட்டருக்குக் கிடைத்தால், கையை விடும்போது குண்டின் வேகம் நொடிக்கு 7.7 மீட்டர். அதே விசை 90 சென்டிமீட்டர் வரை கூடவே போனால் 9.5 மீட்டர்.

"பலத்தைக் கூட்ட நாளாகும்மா. தள்ளுற தூரத்தை நாளைக்கே கூட்டலாம்."

அமெரிக்க வீரர் பாரி ஓ'பிரையன் செய்ததும் அதைத்தான். எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்தே சறுக்கி வந்து, திரும்பித் தள்ளினார். வட்டத்தின் விட்டமே 2.135 மீட்டர்தான். அதற்குள் குண்டு போகும் பாதையை நீட்டிக்கொண்டார். 1952, 1956 ஒலிம்பிக்கில் தங்கம். 1954-ல் 60 அடியைத் தாண்டிய முதல் ஆள். (அவர் ஒன்றும் ஒல்லிப்பிச்சான் இல்லை. அதை மகளிடம் நான் சொல்லவில்லை.)

மொட்டை மாடியில் சாக்பீஸ் வட்டம் போட்டு, குண்டு இல்லாமலே தினமும் சறுக்கல் பயிற்சி. கீழ்வீட்டு அக்கா இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

போட்டியில் முதல் இரண்டு வாய்ப்பும் ஃபவுல். சறுக்கி வந்த வேகத்தில் கால் கட்டையைத் தாண்டிவிட்டது. எனக்கு வயிறு பிசைந்தது. மூன்றாவது முறை குண்டு பறந்தபோது என்னையறியாமல் எழுந்து "போ, போ!" என்று கத்தினேன். கையை விட்ட பிறகு யார் கத்தி அதன் வேகம் கூடப்போகிறது? 8.12 மீட்டர். நின்ற இடத்திலிருந்து எறிந்தால் 7 மீட்டர் தாண்டாதவள் அவள்.

நான்காவது இடம். பதக்கம் இல்லை.

கேரம் ஆடச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ்ஸில் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "விடும்போது முழங்கை முழுசா நீளலைம்மா. இன்னும் பத்து சென்டிமீட்டர் பாக்கியிருக்கு. உன் பையில பேனா இருக்கா?" என்றாள்.