அப்பாவுக்கு, ஒரு சுவர் விஷயமாக

ஸ்ரீகாரியம்,
திருவனந்தபுரம்.

அன்புள்ள அப்பா,

போனில் நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கம் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அஞ்சு வருசம் படிச்சாச்சு, ஆர்க்கிடெக்டும் ஆயாச்சு. இன்னும் ரெண்டு வருசம் என்னத்தப் படிக்கப் போற மக்களே?" என்றீர்கள். மாமாவும் இதையேதான் கேட்கிறாராம். அவருக்கு எழுதிப் பயனில்லை. உங்களுக்கு எழுதுகிறேன், உங்களிடம் எனக்கு ஒரு காரியமும் ஆகவேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பி.ஆர்க்கில், ஒருவர் வந்து வீடு வேண்டும் என்பார், நாங்கள் வரைந்து கொடுப்போம். எம்.ஆர்க்கில் யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை. கேள்வியையும் நாங்களேதான் கொண்டுவர வேண்டும். இந்தப் பொருளை இப்படி அடுக்கினால் நிற்குமா, எதுவரை நிற்கும், எங்கே முதலில் விரியும்? செய்து பார்த்தது விழுந்தால் மதிப்பெண் போய்விடாது. ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் போய்விடும். உங்களுக்கு சைட்டில் இந்த வசதி கிடையாது. பேங்க் லோன் வாங்கி ஒருவர் கட்டுகிற வீட்டில் போய், இது நிற்குமா பார்ப்போம் என்று சொல்ல முடியுமா? அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளத்தான் இந்த இரண்டு வருடம்.

முதல் செமஸ்டரில் ஒரு சங்கிலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு வருமே, அதைப் போட்டோ எடுத்துத் தலைகீழாக்கினால் அப்படியே ஒரு ஆர்ச். தொங்கும்போது சங்கிலியில் இழுவிசை மட்டும்தான். கவிழ்த்த வளைவில் அழுத்தம் மட்டும்தான். அழுத்தத்தைத் தாங்க செங்கல்லுக்குக் கம்பி தேவையில்லை. ஸ்பெயினில் கௌடி என்பவர் கொலோனியா குயெல் என்ற ஊரில் ஒரு தேவாலயத்துக்காக இப்படி நூலையும் சின்னச் சின்ன எடைப் பைகளையும் தொங்கவிட்டே பல வருடம் வடிவம் தேடினார். 2016இல் சூரிச்சைச் சேர்ந்த ஒரு குழு வெனிஸ் கண்காட்சியில் 399 சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் கம்பியும் இல்லாமல் சாந்தும் இல்லாமல் அடுக்கி ஒரு கூரையை நிறுத்தியது. மயிலாடி கல்தச்சர்களிடம் சொன்னால் "இதுல என்ன அதிசயம்?" என்பார்கள். பாதி நியாயம்தான். மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தே இன்னொன்று சொல்கிறேன். பாண்டிச்சேரியில் ரே மீக்கர் என்று ஒரு அமெரிக்கக் குயவர். பச்சை மண்கல்லில், மண் சாந்திலேயே வளைகூரையோடு வீட்டைக் கட்டிவிட்டு, உள்ளே சுட வேண்டிய செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, நாள்கணக்கில் நெருப்பு வைத்துவிடுவார். வீடே சூளை. ஆறியதும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் சுட்ட வீடு கிடைக்கும். எடுத்ததை விற்றால் விறகுக் காசில் ஒரு பங்கு திரும்பி வரும். அனுபமா குண்டூ என்ற ஆர்க்கிடெக்ட் 2008இல் இதே முறையில் அங்கே ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடுகள் கட்டினார். எனக்குப் பிடித்த பரிசோதனை இதுதான். ஆனால் ஊர் ஊராகப் பரவவில்லை. ஒரு வீட்டைச் சுடுவதற்கு எவ்வளவு விறகும் எவ்வளவு துணிச்சலும் வேண்டும் என்று நினைத்தாலே காரணம் புரிந்துவிடும்.

இந்த ஊரிலேயே பி.டி.பி. நகரில், மாநில நிர்மிதி கேந்திரா வளாகத்தில், 2023இல் மெஷின் கட்டிய கட்டடம் ஒன்று நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா என்ற கம்பெனியின் வேலை. 380 சதுர அடி, 28 நாள். அதனால் அதற்கு 'அமேஸ் 28' என்றே பெயர். முறுக்கு பிழிகிற மாதிரி மெஷின் கான்கிரீட்டை வரிவரியாகப் பிழிந்துகொண்டே போகும். பார்க்கப் போனபோது கூட வந்த பையன்கள் எல்லாரும் செல்பி எடுத்தார்கள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். மெஷின் வந்தால் கொத்தனாருக்கு வேலை போகுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். சுவர் என்பது வீட்டுச் செலவில் ஒரு பகுதிதானே என்றார். அது என் கேள்விக்குப் பதில் ஆகவில்லை.

இப்போது பேக்கர். "பூசாத சுவர் முடியாத வீடு" என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பூசாத சுவர்க்காரர். லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். தொழுநோயாளிகளுக்கான பணிக்கு 1945இல் இந்தியா வந்தவர், கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரிலும் பிறகு கேரளத்து வாகமணிலும் இருந்துவிட்டு, கடைசியில் இந்த ஊருக்கு வந்து நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டார். 2007இல் அங்கேயே இறந்தார். வீணான காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டு, கொத்தனார் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கிய மனிதர். நீங்கள் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். பிறகு ஒத்துப்போயிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன்.

அவருடைய எலிப்பொறிக் கட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்துவது. ஒன்பது அங்குலச் சுவரில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் மூன்று அங்குலம் காலி. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், சாந்தும் குறைவு, வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. தளத்திலும் அதே புத்தி. வார்ப்பின் அடிப்பாகத்து கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் தாங்குகிறது. அதனால் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓட்டை வைத்து வார்த்துவிட்டார். சுவரில் ஜன்னலுக்குப் பதிலாக ஜாலி, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்குவது. மரம், கம்பி, கொண்டி என்று ஒரு ஜன்னல் அதே அளவு சுவரைவிடப் பல மடங்கு காசைத் தின்னும் என்பது அவர் வாதம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் காற்று மேலே பட்டு வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஜாலி அந்தக் காற்றை விடும், கண்ணைக் கூசும் வெளிச்சத்தையும் உடைத்துவிடும்.

இங்கே உள்ளூர் என்ற பகுதியில், பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் பேக்கர் கட்டியது. 1970களின் வேலை. மேட்டை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவு போகிற போக்கில் கட்டடத்தை விட்டிருக்கிறார். நான் அடிக்கடி போய்ப் பார்ப்பது கம்ப்யூட்டர் கட்டடத்தை. ஏசி வேண்டிய இடத்தில் ஜாலியை என்ன செய்வது? சுவரை இரண்டாக்கிவிட்டார். வெளியே ஜாலிச் சுவர், உள்ளே அடைத்த சுவர். வெயிலை வெளிச்சுவர் வாங்கிக்கொள்ளும், குளிரை உள்சுவர் காக்கும்.

என் தீசிஸ் அங்கேதான் தொடங்கியது, அப்பா. இவர் பாணியில் கட்டிய தனிவீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. வழியில் பார்க்கும்போது பல வீடுகளில் ஜாலிக்குப் பின்னால் கண்ணாடியோ பிளைவுட்டோ அடித்திருக்கிறார்கள். கொசு, தூசி, சாரல், ஏசி என்று ஆளாளுக்கு ஒரு காரணம். ஒரு அம்மா என்னிடம், "கட்டிய காலத்தில் கொசு இல்லையா, இல்லை எங்களுக்குத்தான் பொறுமை இருந்ததா, தெரியவில்லை" என்றார். கட்டி முடித்த அன்று போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போட்டுவிடுகிறார்கள். நாற்பது மழைக்காலம் கழித்துப் போய், என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. பரிசோதனை செய்தாயிற்று, முடிவை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் கம்ப்யூட்டரில் எலும்பு மாதிரியும் காளான் மாதிரியும் கோபுரங்கள் வருகின்றன. சிலது உண்மையிலேயே அழகு. எனக்கு இந்த மூடிய ஜாலிகள்தான் தூக்கம் கெடுக்கின்றன.

ஜூரிக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர், "பழைய சுவரை அளப்பதில் உன் டிசைன் எங்கே?" என்று கேட்டார். அதற்குப் பதில் வைத்திருக்கிறேன், அதற்குத்தான் நீங்கள் வேண்டும். ஜாலியை ஒட்டிய எலிப்பொறிக் கட்டுச் சுவரின் நடுவே மூன்று அங்குலம் காலியாக இருக்கிறதே, அதில் ஒரு சட்டத்தை ஓடவிட்டால் என்ன? ஒரு சட்டத்தில் கொசுவலை, இன்னொன்றில் பலகை. மாலையில் வலையை இழுத்துவிடலாம், சாரல் அடித்தால் பலகையை. வேண்டாதபோது இரண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். வலை போட்டால் காற்று எவ்வளவு குறைகிறது என்று கருவி வைத்து அளப்பேன். படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் சட்டம் ஓட வேண்டிய வழியில் குறுக்குக்கல் வந்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கத்துச் சுவரையும் எது சேர்த்துப் பிடிக்கும்? சட்டம் ஓடும் உயரம் வரை குறுக்குக்கல்லை விட்டுவிட்டு, மேலேயும் கீழேயும் ஒரு வரி மெல்லிய கான்கிரீட் பட்டை கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பித் துண்டு போடலாம் என்கிறார் ஆசிரியர். அது துருப்பிடிக்கும் என்பது என் பயம். நீங்கள் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று சொல்வீர்கள்.

கல்லூரி முற்றத்தில் ஆறடி நீளம், ஐந்தடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் கட்ட அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே வேலைக்கு வருகிற வங்காளத்துப் பையன்கள் நல்ல வேலைக்காரர்கள், ஆனால் எலிப்பொறிக் கட்டு கட்டிப் பழக்கமில்லை. நீங்கள் ஒரு வரி வைத்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். தப்பென்று பட்டால் எல்லார் முன்னாலும் தப்பென்றே சொல்லுங்கள். என் தீசிஸில் அதையும் எழுதுவேன்.

அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு வார்ப்பு எதுவும் இல்லையே? காலை பஸ்ஸில் வந்தால் தம்பானூரில் இறங்குங்கள். ஸ்டாண்டுக்கு வெளியே உருண்டையாக ஒரு செங்கல் கட்டடம் தெரியும், இந்தியன் காபி ஹவுஸ். அதுவும் பேக்கர் கட்டியதுதான். உள்ளே படி கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவில்தான் மேசைகள். அங்கே உட்கார்ந்திருங்கள், நான் வந்துவிடுகிறேன். உங்கள் கரண்டியையும் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், இங்கே ஸ்டோரில் இருப்பதை நம்பமுடியாது. ஞாயிறும் தங்கவேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்