ஆனிலையப்பர் திருத்தலமும் ஆற்றுமணல் தந்த ரோம நாணயங்களும்

அமராவதிக் கரையில் அமைந்த கரூர், கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் ஒன்று. காமதேனு வழிபட்டதாகத் தலபுராணம் போற்றும் பசுபதீசுவரர், ஆனிலையப்பர் என்னும் திருநாமத்துடன் இங்கே எழுந்தருளியுள்ளார். அலங்காரவல்லி, சௌந்தரநாயகி என அம்பிகையர் இருவர். சிவகாமியாண்டாரின் பூக்கூடையைச் சிதறடித்த பட்டத்து யானையை எறிபத்த நாயனார் வீழ்த்தியதும், விரைந்து வந்த புகழ்ச்சோழர் பிழை தம்முடையது எனக் கருதித் தம் வாளையே அடியாரிடம் நீட்டியதும் இத்தலத்தில்தான்.

அரசனும் அடியார்முன் தலைதாழ்ந்த இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ஆன்பொருநை என்று பழந்தமிழர் அழைத்த அமராவதியின் மணலில் ரோமாபுரிப் பேரரசர்களின் நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சேரர் தலைநகராகிய வஞ்சி இவ்வூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. பருவக்காற்றின் துணையால் முசிறித் துறைக்கு வந்த யவனர், மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாகப் பொன்னும் வெள்ளியும் தந்தனர். அக்காசுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டினுள் புகுந்தன. நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் கிடைத்த ஒரே புதையலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் இருந்தன.

இக்காசுகளை இனம் காண்பது கடினமன்று. நம் நாட்டுப் பழைய முத்திரைக் காசுகள் ஒழுங்கற்ற வடிவில் வெட்டப்பட்டவை, சூரியன், மரம், விலங்கு முதலிய சின்னங்கள் அவற்றில் தனித்தனியே குத்தப்பட்டிருக்கும், எழுத்து இராது. ரோம வெள்ளிக்காசிலோ ஒரு பக்கம் அரசனின் தலையுருவம், அதைச் சுற்றி லத்தீன் எழுத்துகள், மறுபக்கம் ஓர் உருவம் என்னும் முறை காணப்படும். அகலம் ஏறத்தாழப் பழைய 25 காசு நாணயத்தின் அளவு. எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

தமிழகத்தில் மிகுதியாகக் கிடைப்பவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவரின் காசுகள். அகஸ்டஸ் காசின் பின்புறத்தில், அவருடைய பேரர் இருவர் கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் நிற்கின்றனர். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸின் காசில், செங்கோலும் தழைக்கிளையும் ஏந்தி ஒரு பெண் வீற்றிருக்கிறாள். தலையுருவத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளின் பொருள் வியப்புக்குரியது: அவன் 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்', பின்புற வாசகமோ அவனைத் 'தலைமைப் பூசகன்' என்கிறது. இறந்த மன்னனைத் தெய்வமாக்குவதும், ஆள்பவனே தலைமைப் பூசகனாவதும் அந்நாட்டு வழக்கம்.

கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகளும் கரூரில் கிடைக்கின்றன. தேய்ந்து மெலிந்த இவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். தலையுருவத்துடன் 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசையும் அவரே வெளிக்கொணர்ந்தார். யவனர் காசைக் கண்ட சேரன், அம்முறையில் தன் முகத்தையும் பெயரையும் பொறித்தான் என்பர்.

பூசைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் வெள்ளிக்காசைத் திருநீற்றாலும் செப்புக்காசைப் புளியாலும் தேய்ப்போர் உண்டு. பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். எழுத்து போனபின் அது யாருடைய காசு என்று எவராலும் சொல்ல இயலாது. கிடைத்த இடம் இன்னதென்று குறிக்காமல் விற்றுவிட்டாலும் இழப்பு அத்தகையதே. ஆற்றில் எந்தத் துறையில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதே ஊரின் வரலாற்றுக்குச் சான்று. உருக்கிய காசுக்கு வெள்ளியின் விலை மட்டுமே உண்டு. நிலத்தில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதித்துள்ளது. கண்டெடுத்ததைத் தேய்க்காமல், இடத்தைக் குறித்து, அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே முறை. கோயில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசலாகாது என்று பெரியோர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது போல இதனையும் சொல்லி வைக்கலாம்.

தெய்வத்தின் மகன் என்று தன்னைப் பொறித்துக்கொண்ட பேரரசனின் முகம் ஆற்றுமணலில் புதைந்து தேய்ந்தது. அடியார்முன் வாளை நீட்டித் தலைதாழ்ந்த புகழ்ச்சோழரோ, அறுபத்து மூவருள் ஒருவராய் இன்றும் சிவாலயங்களில் கைகூப்பி நிற்கிறார். கரூர் செல்லும் அன்பர்கள் பசுபதீசுவரரைத் தரிசித்தபின், ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தையும் கண்டு வரலாம்.