நான் எழுதிக்கொடுத்த ‘நார்மல்’

காதைப் பரிசோதித்துத் தாளில் எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆடியோலஜிஸ்ட் என்பார்கள். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில்தான் கழிந்திருக்கிறது. அச்சங்குளம் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ‘இரண்டு காதும் நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரியானது. அப்படியிருந்தும் அந்தத் தாளால் அவருக்கு நான் அநியாயம் செய்தேன். எதனால் செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது ஒப்புதல் ஆகும்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ரூம் ரூமாக உள்குத்தகைக்கு விட்டிருந்ததைப் பற்றியும், மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றது. காயம்பட்டவர்களுக்கான தொகை, உடம்பு எத்தனை சதவீதம் வெந்தது என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. காது அந்தக் கணக்கில் வரவில்லை.

நான் சொல்லும் பெண்ணுக்குத் தீக்காயம் கிடையாது. வெடித்தபோது அருகில் இருந்தவர், அவ்வளவுதான். சில நாள் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன, பிறகு திறந்துகொண்டன. என்னிடம் வந்தபோது செவிப்பறையில் ஓட்டை இல்லை. “வீட்டுக்குள்ள பேசுனா கேக்குது சார். வேன்ல, கடையில, நாலு பேரு கூடுன இடத்துல சத்தம் கேக்குது, என்ன சொல்றாகன்னு வெளங்கல. ராத்திரி காதுக்குள்ள ‘ஙொய்’னு ஓடிக்கிட்டே இருக்கு” என்றார்.

ரூமுக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன். பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னேன். 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 8,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் 25 டெசிபலுக்குள் கேட்டுவிட்டார். “எல்லாம் நல்லா இருக்கும்மா, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க” என்று தாளைக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. “அப்ப ஏன் சார் வெளங்க மாட்டேங்குது?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இதுவரை சொன்னது பிழை. இனிச் சொல்வதுதான் என் குற்றம். அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நிவாரணம் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிய நேரம் அது. தீக்காயம் இல்லாதவர் காதைக் காட்டிப் பணம் கேட்க வந்திருக்கிறார் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அவர் பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. வசதியான வீட்டு மனிதர் ஒருவர் கல்யாண மண்டபத்தில் பேச்சுப் புரியவில்லை என்று இதே குறையோடு வந்திருந்தால், பீப் சத்தத்தோடு நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். இன்னொரு சோதனை செய்திருப்பேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்திருப்பேன். கூலிக்கு வேலை பார்க்கும் பெண் என்பதால், அவர் வார்த்தையைவிட என் மெஷினை நம்பினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. பீப் சத்தம் கேட்பதும் பேச்சு புரிவதும் வெவ்வேறு என்பது எங்கள் படிப்பில் ஆரம்பப் பாடம். பேச்சில் உரப்பாக ஒலிப்பவை உயிரொலிகள். அர்த்தத்தைப் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். பால், கால், வால் மூன்றிலும் நடுவில் இருக்கும் ‘ஆ’ எந்த இரைச்சலையும் தாண்டி வந்துவிடும். முதலில் வரும் மெல்லிய ஒலிதான் பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் அமுங்கிப்போகும். நல்ல காது அந்த மிச்சசொச்சத்தை வைத்தே சொல்லைக் கட்டிக்கொள்கிறது. அடிபட்ட காதால் அது முடிவதில்லை. இரைச்சலை வைத்துப் பேச்சைச் சோதிப்பதை வழக்கமான பரிசோதனையிலேயே சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் ரேமண்ட் கார்ஹார்ட்டும் டாம் டில்மனும் 1970-லேயே எழுதிவிட்டார்கள். அதற்கான ஸ்விட்ச் என் மெஷினிலும் இருக்கிறது. பேச்சையும் இரைச்சலையும் ஒரே காதில் சேர்த்துப் போட்டு, அளவை மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை. வெளியே கூட்டம் நிற்கிறது என்று அதுவரை அதை நான் தொட்டதே இல்லை.

2009-ல் பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் திறன் குறைந்தது, பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. எங்கள் பரிசோதனைக் கணக்கில் அந்த எலிகள் நார்மல். ஆனால் உள்காதைத் திறந்து பார்த்தபோது, ஒலியை உணரும் செல்களுக்கும் செவி நரம்புக்கும் நடுவே இருக்கும் இணைப்புகள், உள்காதின் ஒரு பகுதியில், பாதியளவு அழிந்திருந்தன. அவை திரும்ப முளைக்கவில்லை. செல்கள் அப்படியே இருந்தன. மனிதக் காதில் ஏறத்தாழ 30,000 செவி நரம்பிழைகள் இருக்கின்றன. அமைதியான ரூமில் ஒற்றைப் பீப் சத்தத்தைப் பிடிக்க அதில் கொஞ்சம் பிழைத்திருந்தாலே போதும். பாதி நூல் உருவிப்போன வேட்டி தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு முழு வேட்டியாகத்தான் தெரியும். நான் பார்த்தது அப்படித்தான்.

2011-ல் ரோலண்ட் ஷாட்டேவும் டேவிட் மெக்கால்பைனும், காதில் ஓயாத இரைச்சல் இருந்தும் பரிசோதனையில் நார்மல் என்று வந்தவர்களின் செவி நரம்பிலிருந்து வரும் மின்குறி பலவீனமாக இருப்பதைக் காட்டி, ‘மறைந்த செவித்திறன் இழப்பு’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். போர்க்களத்தில் குண்டுவெடிப்புக்கு அருகில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களை ஃபிரெடெரிக் கேலன் குழுவினர் 2012-ல் சோதித்தார்கள். பீப் சத்தத்தை ஓரளவு சரியாகவே கேட்ட அவர்களில் பலர், பேச்சைப் பிரித்தறியும் சோதனைகளில் தடுமாறினார்கள். வெடிப்பின் அழுத்த அலை காதோடு நிற்பதில்லை. ஒலியைப் பிரித்து அறியும் மூளைப் பாதையையும் தாக்கக்கூடும். உயிரோடிருக்கும் மனிதரின் உள்காதைத் திறந்து இணைப்புகளை எண்ண முடியாது என்பதால், எலியில் கண்டது மனிதரில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற வாதம் இன்னும் நடக்கிறது. நடக்கட்டும். அந்த வாதம் முடியும் முன்பே, என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் தன் குறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அந்தப் பெண் வருவதற்கு முன்பே படித்திருந்தேன். படிப்பு ஒரு பக்கம், பட்டாசு ஆபீஸ் பெண்கள் ஒரு பக்கம் என்று வைத்திருந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருவர், “இரைச்சல் வச்சு டெஸ்ட் பண்ணலயா சார்?” என்று ஒருநாள் கேட்டார். “அதுக்கெல்லாம் இங்க நேரம் ஏதும்மா” என்று அவர் வாயையும் அடைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து அந்தப் பெண்ணின் நம்பரை எடுத்து அழைத்தேன். ரொம்பத் தாமதமாக.

இந்தமுறை அமைதியில் சொன்ன சொற்கள் அத்தனையையும் திருப்பிச் சொன்னார். பேச்சின் அளவுக்கே இரைச்சலைக் கூட்டியதும் சொற்கள் உதிர ஆரம்பித்தன. பாதிக்கு மேல் தப்பு; சிலவற்றுக்குச் சும்மா இருந்தார். முடித்து வெளியே வந்ததும், “இதத்தான சார் நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். கோபம்கூட இல்லாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இடைப்பட்ட காலத்தில் என் தாள் என்ன செய்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ‘டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, நீ வேணும்னே கேக்காத மாதிரி இருக்க’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ரேஷன் கடையில் ஒன்று கேட்க ஒன்று சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறார். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பட்டாசு வேலைக்கு மட்டும் திரும்பப் போயிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, வாசலை மறிக்கக் கூடாது என்று விதிகள் இருப்பதெல்லாம் ஆபத்தில் ஓடித் தப்புவதற்காகத்தான். பக்கத்து ரூமிலிருந்து வரும் கூச்சல் என்னவென்று விளங்காதவர் எப்போது ஓடுவார்? வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பட்டாசுக்கு 1999-லேயே வரம்பு வைத்தார்கள். அது வெடிப்பவர், வேடிக்கை பார்ப்பவர் காதுக்கான அக்கறை. அதைச் செய்பவரின் காது என் ரூமுக்கு வந்தபோது, அதை நான் சந்தேகப்பட்டேன்.

புதிதாக ஒரு தாள் எழுதிக்கொடுத்தேன். அதனால் பெரிய பலன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. இரைச்சலில் பேச்சு விளங்காததை அளக்க அந்தச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. அற்றுப்போன இணைப்பை முளைக்கவைக்க இன்று மருந்தும் இல்லை. பீப் சத்தம் சரியாகக் கேட்பவருக்கு வெறுமனே ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் காது மெஷினால் அதிகம் உதவ முடியாது. அவர் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முகம் பார்த்துப் பேசுங்கள், டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், விளங்காவிட்டால் கத்தாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள், இவர் நடிக்கவில்லை என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை. சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் ஒருவர்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. எத்தனையோ ‘நார்மல்’ எழுதியிருக்கிறேன். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளர்கள், சத்திரப்பட்டி, அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள், அவர்களில் எத்தனை பேர் ‘சத்தம் கேக்குது, வெளங்கல’ என்று சொன்னார்களோ, நான் காதில் வாங்கவில்லை.

காது பரிசோதிக்கும் சக தொழிலாளர்களே, அந்த ஸ்விட்ச் உங்கள் மெஷினிலும் இருக்கிறது. வெடிச்சத்தத்திலோ தறிச்சத்தத்திலோ இருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அதைப் போடுங்கள். என் கையெழுத்துள்ள ‘நார்மல்’ தாளை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் பேச்சு விளங்காமல் தவிப்பவர்கள் யாராக இருந்தாலும் திரும்ப வாருங்கள். பணம் வேண்டாம். நீங்கள் சொல்வதை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகுதான் மெஷினைத் தொடுவேன்.